கலர் ஏற்றுவதும் கலராக்குவதும்: ஒரு 1963 கல்யாணப் படத்தின் நிகழ்வு ஆய்வு

"பாட்டி படத்தைக் கொஞ்சம் கலரா போட்டுக் குடுங்கண்ணா" என்று ஒரு பேத்தி கேட்டதில்தான் இந்த வேலை தொடங்கியது. தமிழில் இந்த வாக்கியத்துக்கு இரண்டு பொருள் உண்டு. கருப்பு வெள்ளைப் படத்துக்கு நிறம் ஏற்றிக் கொடுங்கள் என்பது ஒன்று. படத்தில் இருப்பவரைக் கொஞ்சம் சிவப்பாகக் காட்டுங்கள் என்பது இன்னொன்று. அவர் இரண்டையும் சேர்த்தே கேட்டார் என்பது எனக்கு மூன்றாவது வாரத்தில்தான் புரிந்தது. அதற்குள் புடவைக்கே பத்து மணி நேரம் செலவாகியிருந்தது.

படம் 1963 ஆவணியில், கல்யாணம் முடிந்த சில நாட்களில், தஞ்சாவூர்ப் பக்கத்து ஸ்டூடியோ ஒன்றில் எடுத்தது. தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பாட்டி அவருக்கு இடப்பக்கம், நாற்காலி முதுகில் கை வைத்து நிற்கிறார். பின்னால் தூணும் படிக்கட்டும் வரைந்த திரை. ஆறுக்கு எட்டு அங்குல பிரிண்ட், தடித்த அட்டையில் ஒட்டியது. வலது மேல்மூலையில் பூஞ்சை, நடுவில் ஈரம் பட்ட மஞ்சள் கறை, இருண்ட பகுதிகளின் ஓரத்தில், படத்தை உருவாக்கும் வெள்ளி மேலெழுந்து கண்ணாடி மாதிரி மினுங்குகிறது. பாட்டி இப்போது இல்லை. புது வீட்டுக் கூடத்தில் மாட்டுவதற்காகப் பெரிதாக்கி, நிறம் ஏற்றித் தர வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

கருப்பு வெள்ளைப் படத்தையும் நான் கலரில்தான் ஸ்கேன் செய்வேன். இந்தப் படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), 16 பிட் (நிற வேறுபாட்டை நுணுக்கமாகப் பதியும் அளவு). காரணம், கறைக்கு நிறம் உண்டு. கலர் ஸ்கேன் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று தனிப் பதிவுகளாக, அதாவது சேனல்களாக, இருக்கும். மஞ்சள் கறை நீல சேனலில் அடர்த்தியாகத் தெரியும், சிவப்பு சேனலில் ஏறக்குறைய மறைந்துவிடும். சிவப்பு சேனலை மட்டும் எடுத்து அதையே அடிப்படைச் சாம்பல் படமாக வைத்துக்கொண்டால் பாதிக் கறையைத் துடைக்கும் வேலை மிச்சம். நடுவில் இருந்த ஈரக்கறை அப்படித்தான் போயிற்று. பூஞ்சையையும் கீறல்களையும் ஹீலிங் பிரஷ்ஷால் (அக்கம்பக்கத்துப் பகுதியைக் கொண்டு பழுதை மூடும் கருவி) கையாலேயே எடுத்தேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, பொறுமைதான் வேண்டும்.

கலர் ஸ்கேனில் இன்னொன்றும் தெரிந்தது. பாட்டியின் கன்னத்தில் மிக மெல்லிய ரோஸ் பூச்சு, தோட்டிலும் வளையலிலும் மஞ்சள் புள்ளிகள். ஸ்டூடியோக்காரர் 60 வருடங்களுக்கு முன்னாலேயே கையால் சாயம் ஏற்றியிருக்கிறார். அந்தக் காலத்தில் ஒளி ஊடுருவும் சாயத்தைப் பஞ்சிலோ நுண் பிரஷ்ஷிலோ தொட்டு பிரிண்டின் மேல் தேய்ப்பார்கள். அடியில் இருக்கும் வெள்ளிப்படம் வெளிச்சத்தையும் நிழலையும் தரும், மேலே உள்ள சாயம் நிறத்தை மட்டும் தரும். ஃபோட்டோஷாப்பில் இன்று நாம் படத்தின் மேல் ஒரு லேயரை, அதாவது கண்ணாடித் தாள் மாதிரி ஓர் அடுக்கை, போட்டு அதன் பிளெண்ட் மோடை (அடியில் இருப்பதோடு கலக்கும் விதத்தை) ‘கலர்’ என்று மாற்றுகிறோமே, அது செய்வதும் இதையேதான். நிறத்தையும் அதன் செறிவையும் மேல் லேயரிலிருந்து எடுக்கும், வெளிச்ச அளவை அடியில் இருக்கும் படத்திலிருந்து எடுக்கும். இலவச மென்பொருளான கிம்ப்பிலும் அப்படி ஒரு மோட் உண்டு. கருவி மாறியிருக்கிறது, வேலை மாறவில்லை.

முதல் முயற்சி: தானாக நிறம் ஏற்றும் கருவி

நேரம் மிச்சமாகட்டும் என்று முதலில் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றில் கொடுத்துப் பார்த்தேன். 20 விநாடியில் படம் வந்தது. முதல் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்த்தால், பாட்டியின் தோல் வெளிர் ரோஸ். புடவை கத்தரிப்பூவும் பழுப்பும் கலந்த ஏதோ ஒன்று. தாத்தாவின் வேட்டி சலவைத்தூள் விளம்பரத்து வெள்ளை. தாலிக்கயிறு கழுத்துத் தோலின் நிறத்திலேயே கரைந்துவிட்டது. மஞ்சள் என்ற ஒன்று அந்தப் படத்திலேயே இல்லை. புதிதாகக் கல்யாணமான ஒரு தமிழ்ப் பெண்ணின் படத்தில் மஞ்சள் இல்லை!

இந்தக் கருவிகள் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்தால் இதில் வியப்பில்லை. 2016இல் ரிச்சர்ட் ஜாங், ஃபிலிப் இசோலா, அலெக்சி எஃப்ரோஸ் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் முக்கியமானது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்ணப் படங்களைக் காட்டி ஒரு நியூரல் நெட்வொர்க்கைப் பழக்கினார்கள். அது நிறம் ஏற்றிய படத்தையும் உண்மையான வண்ணப் படத்தையும் பக்கத்தில் வைத்து எது உண்மை என்று ஆட்களிடம் கேட்டபோது, 32 சதவீதம் முறை அவர்கள் ஏமாந்தார்கள். அவர்கள் வைத்துக்கொண்ட இலக்கே நம்பத்தகுந்த நிறத்தைத் தருவதுதான். அந்தப் பொருளுக்கு அன்று என்ன நிறம் இருந்ததோ அதையே தருவதாக அவர்கள் சொல்லவில்லை. கருவி பார்த்துப் பழகிய படங்களில் எது அதிகமோ அதன் பக்கம்தான் அது சாயும். தஞ்சாவூர்ப் பக்கத்துப் புதுப்பெண்கள் அதில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அந்த முயற்சியை அதோடு விட்டுவிட்டேன்.

புடவை

பாட்டியின் கல்யாணப் புடவை என்ன நிறம் என்று கேட்டேன். பேத்தியின் பெரியம்மா, அதாவது பாட்டியின் மூத்த மகள், "அரக்கு" என்றார். மாமா "இல்லக்கா, கரும்பச்சை" என்றார். இருவருக்கும் சந்தேகமே இல்லை. திருபுவனத்தில் எடுத்த பட்டு என்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள்.

இந்தச் சண்டையைச் சாம்பல் படம் தீர்க்காது. ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். வண்ணத்தைச் சாம்பலாக்கப் பழைய தொலைக்காட்சித் தரம் ஒன்று இருக்கிறது, பல மென்பொருள்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகின்றன. சிவப்பில் 29.9 சதவீதம், பச்சையில் 58.7, நீலத்தில் 11.4 எடுத்துக் கூட்ட வேண்டும். அரக்குக்குச் சிவப்பு 128, பச்சை 0, நீலம் 32 என்று வைத்தால் விடை 42. கரும்பச்சைக்குச் சிவப்பு 0, பச்சை 72, நீலம் 0 என்று வைத்தால் அதற்கும் விடை 42. இரண்டும் ஒரே சாம்பல். ஃபிலிமின் கணக்கு இதுவே என்று சொல்ல முடியாது, ஒவ்வொரு ஃபிலிமும் ஒவ்வொரு நிறத்தை ஒரு விதமாக வாங்கும். சிவப்பை உணராத ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமில் எடுத்த பழைய படங்களில் குங்குமம் சாந்துப்பொட்டு மாதிரி கறுப்பாக விழும். ஆனால் எந்த ஃபிலிமிலும் சாம்பலிலிருந்து திரும்பி நிறத்துக்குப் போக வழி இல்லை. நிறத்தை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும்.

புடவை வீட்டில் இல்லை. ஜரிகைக்காக எப்போதோ போட்டுவிட்டார்கள். பத்து நாள் கழித்துப் பெரியம்மா போன் செய்தார். பாட்டியின் சுருக்குப் பை கிடைத்திருக்கிறது, அந்தப் புடவையின் முந்தானை ஓரத்தில் மிஞ்சிய துணியில் பாட்டியே தைத்தது. நேரில் போய்ப் பார்த்தேன். உள்ளே இரண்டு பாக்கும் ஒரு ஐந்து பைசாவும் அப்படியே இருந்தன. பையை ஜன்னல் பக்கம் திருப்பினால் அரக்கு. சற்றுச் சாய்த்தால் மடிப்புக்குள்ளே பச்சை ஓடுகிறது. பாவில் சிவப்பு, ஊடையில் பச்சை போட்டு நெய்த இரட்டை நிறப் பட்டு. அக்காவும் தம்பியும் ஆளுக்கு ஒரு நூலை நினைவில் வைத்திருந்திருக்கிறார்கள்.

இது எனக்கு மகிழ்ச்சியைத் தந்ததோடு வேலையையும் இரட்டிப்பாக்கியது. ஒரே நிறத்தை பிரஷ்ஷால் பூசினால் இந்தப் பட்டு வராது. துணி எந்தப் பக்கம் மடிகிறதோ அதைப் பொறுத்து நிறம் மாறும். பையையே வெவ்வேறு விதமாக மடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, போனில் படம் எடுத்துக்கொண்டேன். மேலிருந்து கீழே விழும் கொசுவ மடிப்புகளில் எந்தச் சரிவு சிவப்பைக் காட்டுகிறது, எது பச்சையைக் காட்டுகிறது என்பது அதில் தெரிந்தது. ஃபோட்டோஷாப்பில் இரண்டு லேயர்: ஒன்று முழுக்க அரக்கு, இன்னொன்று முழுக்கப் பச்சை, இரண்டும் கலர் மோடில். பச்சை லேயருக்குக் கறுப்பு மாஸ்க் (கறுப்பு பட்ட இடத்தை மறைத்து, வெள்ளை பட்ட இடத்தைக் காட்டும் மறைப்பு) போட்டு மறைத்துவிட்டு, பச்சை வர வேண்டிய சரிவுகளில் மட்டும் 15 சதவீத ஃப்ளோவில் (பிரஷ்ஷிலிருந்து நிறம் இறங்கும் அளவு) வெள்ளை பிரஷ்ஷால் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தேன். சிவப்பும் பச்சையும் சந்திக்கும் இடம் பழுப்பாக மங்கும். அதைச் சரிசெய்யத் தோன்றும், செய்யக் கூடாது. உண்மையான துணியிலும் அங்கே பழுப்புதான் இருந்தது.

ஜரிகைக்கு வெறும் மஞ்சள் போட்டால் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். நிழலில் செம்பழுப்பு, நடுவில் பொன்மஞ்சள், பளபளக்கும் இடத்தில் வெளிர் மஞ்சள் என்று வெளிச்ச அளவுக்கேற்ப நிறம் தரும் கிரேடியண்ட் மேப் ஒன்று போதுமானது. நகைகளுக்கும் அதே. தாத்தாவின் வேட்டியில் வேறொரு சிக்கல் வந்தது. கலர் மோட் வெளிச்ச அளவைத் தொடாது என்பதால், தூய வெள்ளையின் மேல் எந்த நிறத்தைப் போட்டாலும் வெள்ளையாகவே நிற்கும். மஞ்சள் தடவிய வேட்டியின் முனைகளுக்கும் தாலிக்கயிற்றின் வெளிச்சப் பகுதிக்கும் அடியில் இருப்பதை இருட்டாக்கும் மல்டிப்ளை மோடில் வெளிர் மஞ்சளைப் போட்ட பிறகுதான் மஞ்சள் ஒட்டியது.

தோல்

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

பாட்டியின் தோலுக்கு மாதிரி வேண்டும். 1987இல் எடுத்த ஒரு கலர் படம் இருந்தது, ஆனால் அது மொத்தமாகச் சிவந்துபோயிருந்தது. அந்தக் கால கலர் பிரிண்டுகள் பலவற்றில் சயான் (பச்சை கலந்த நீல) சாயம் முதலில் மங்கிவிடுவதால், எல்லாமே செம்மை பூத்துவிடும். அதை நம்ப முடியாது. வீட்டில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது, "பெரியம்மா கை அப்படியே பாட்டி கலர்." பெரியம்மாவைத் திண்ணை நிழலில் உட்காரவைத்து, முன்கையின் பக்கத்தில் 18 சதவீதச் சாம்பல் அட்டையை வைத்துப் படம் எடுத்தேன். அட்டையைக் கொண்டு வெள்ளைச் சமநிலையைச் சரிசெய்தால் கையின் நிறம் கிடைத்துவிடும். நல்ல கருமை சேர்ந்த மாநிறம். முன்கை, புறங்கை, உள்ளங்கை, முழங்கை மடிப்பு ஆகியவற்றில் தனித்தனியாக ஆறு இடங்களில் நிறத்தை எடுத்துக்கொண்டேன்.

பாட்டியின் கையில் போட்டதும் உடனே பொருந்தியது. முகத்தில் போட்டதும் சந்தனத்தில் குங்குமத்தைக் குழைத்த மாதிரி ஆரஞ்சாக நின்றது. அதே நிறம், அதே லேயர். ஏன்?

அடியில் இருந்த சாம்பலை அளந்தேன். 0 முதல் 255 வரையிலான அளவில் பாட்டியின் நெற்றி 176, முன்கை 112. தாத்தாவுக்கு நெற்றி 128, புறங்கை 115. இருவர் மேலும் ஒரே விளக்குதான் விழுகிறது. தாத்தாவுக்கு 13 புள்ளி வித்தியாசம், பாட்டிக்கு 64. முகத்தில் பவுடர் இருந்திருக்கும், அது கொஞ்சம் கூட்டும். ஆனால் ஸ்கேனைப் பெரிதாக்கிப் பார்த்தால் கன்னத்திலும் மூக்கின் பக்கத்திலும் கண்ணுக்குக் கீழேயும் மிக நுண்ணிய வெளிர் கோடுகள், ஒரே சாய்வில், அடுக்கடுக்காக. நெகட்டிவில் பென்சிலால் ரீடச் செய்த தடம் அது. நெகட்டிவில் கரி ஏறும் இடம் பிரிண்டில் வெளுக்கும். பருத் தழும்பையும் கண்ணுக்குக் கீழே விழும் நிழலையும் மறைக்க எல்லா ஸ்டூடியோவிலும் செய்த வேலைதான் அது. இங்கே அதோடு நிற்கவில்லை. முகம் முழுவதையும் வெளுத்திருக்கிறார்கள். கையை விட்டுவிட்டார்கள். தாத்தாவின் முகத்தில் அந்தக் கோடுகள் இல்லை.

கேட்டாலும் கேட்காவிட்டாலும் பெண்ணின் முகத்தை ஒரு படி வெளுத்துக் கொடுப்பது மரியாதை என்று நினைத்த காலம். அந்த ரீடச்காரர் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன், கை அவ்வளவு நேர்த்தி. ஆனால் செயற்கை நுண்ணறிவுக் கருவி கொடுத்த வெளிர் ரோஸ் முகமும், 1963இன் பென்சில் கொடுத்த வெள்ளை முகமும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன என்பதை அன்று இரவு திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. இரண்டிலும் இல்லாதவர் பாட்டிதான்.

அப்படியானால் முகத்தின் சாம்பலையே கீழே இறக்க வேண்டும். நிறம் ஏற்றுவது வேறு, அடிப்படைப் படத்தின் வெளிச்ச அளவை மாற்றுவது வேறு. முந்தையது படத்தின் மேல் ஒரு திரையைப் போர்த்துவது, பின்னது படத்துக்குள் கை வைப்பது. 2021 ஏப்ரலில் நடந்தது ஞாபகம் வந்தது. கம்போடியாவில் கெமர் ரூஜ் ஆட்சி நடத்திய துவோல் ஸ்லெங் சிறையில் அடைத்து வைத்துக் கொல்லப்பட்டவர்களைச் சிறைக்காரர்கள் எடுத்து வைத்திருந்த படங்களுக்கு அயர்லாந்துக்காரர் ஒருவர் நிறம் ஏற்றினார். ‘வைஸ்’ இதழ் அதை வெளியிட்டது. சில முகங்களில் மூலப்படத்தில் இல்லாத புன்னகை இருந்தது. கம்போடியப் பண்பாட்டு அமைச்சகம் படங்களை நீக்கச் சொன்னது, இதழும் நீக்கிவிட்டது. அவ்வளவு பெரிய கொடுமையோடு ஒரு குடும்பப் படத்தை ஒப்பிடவில்லை. மூலத்தில் இல்லாததை முகத்தில் சேர்க்கும் உரிமை நிறம் ஏற்றுபவருக்கு இல்லை என்ற விதியை அந்தச் செய்திக்குப் பிறகு எனக்கு நானே வைத்துக்கொண்டேன். இப்போது கேள்வி, மூலத்திலேயே வேறொருவர் சேர்த்திருப்பதை எடுக்கலாமா?

எடுக்கலாம் என்று முடிவு செய்தேன். அளவுகோல் படத்துக்குள்ளேயே இருந்தது: பாட்டியின் கை, தாத்தாவின் முகத்துக்கும் கைக்கும் உள்ள இடைவெளி. முகத்துக்குத் தனியாக, வெளிச்ச அளவை ஏற்றி இறக்கும் கர்வ்ஸ் லேயர் ஒன்றைப் போட்டு, நெற்றியை 176இலிருந்து 130க்குக் கொண்டுவந்தேன். மொத்தமாக இறக்கினால் முகம் மண்பொம்மை ஆகிவிடும். கறுத்த தோலின் அழகே அதில் வெளிச்சம் பளிச்சென்று விழுவதுதான். நெற்றி மேடு, மூக்கு நுனி, கன்ன எலும்பு, கீழுதடு ஆகிய இடங்களின் மினுமினுப்பை மாஸ்க்கில் காப்பாற்றி வைத்தேன். அந்த மினுமினுப்புக்குத் தோலின் நிறத்தை ஏற்றக் கூடாது, அது விளக்கின் பிரதிபலிப்பு. அங்கே செறிவைக் குறைத்து ஏறக்குறைய சாம்பலாகவே விட வேண்டும். நடுத்தர வெளிச்சத்தில் பழுப்பு, நிழலில் கொஞ்சம் செம்மை. கண்ணுக்குக் கீழே செம்மையைக் குறைத்தேன், காது மடலில் கூட்டினேன். உதட்டுக்கு முதலில் சிவப்பு போட்டிருந்தேன், நாடக வேஷம் மாதிரி இருந்ததால் எடுத்துவிட்டுத் தோலின் பழுப்பையே ஒரு படி கருஞ்சிவப்பாக்கினேன்.

காட்டியபோது

திரையில் காட்டியதும் பேத்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. "பாட்டி இவ்வளவு கறுப்பாண்ணா?" என்றார். கூடத்தில் மாட்டப்போகிற படம், நாலு பேர் வந்து பார்ப்பார்கள் என்றார் மாமா. "ஒரு பாயிண்ட் கூட்டுங்க, போதும்." முதல் நாள் கேட்ட ‘கலரா’வின் இரண்டாவது பொருள் அப்போதுதான் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. 60 வருடமாக அந்த வெளுத்த முகத்தைத்தான் பாட்டி என்று பார்த்து வந்திருக்கிறார்கள்.

அளவுகளைக் காட்டினேன். கையையும் முகத்தையும் பெரிதாக்கிப் பக்கத்தில் வைத்தேன். பென்சில் கோடுகளைக் காட்டினேன். மாமா எட்டிப் பார்த்து "அட, ஆமா" என்றார். பெரியம்மா அதுவரை ஒன்றும் சொல்லவில்லை. தன் முன்கையைத் திரைக்குப் பக்கத்தில் நீட்டிப் பார்த்துக்கொண்டார். அப்புறம், "எங்கம்மாவை ஒரு தடவை வெளுத்தது போதும் தம்பி. அப்படியே போடுங்க" என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

பின்திரைக்கு நிறம் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அந்தத் திரை நீலமா பச்சையா என்று சொல்ல ஒருவரும் இல்லை. தெரியாததற்கு நிறம் போட்டால் தெரிந்து போட்டதன் மீதும் நம்பிக்கை போய்விடும். லேசான செபியா சாயல் மட்டும் கொடுத்தேன். செபியாவே ஒரு காலத்தில் அலங்காரத்துக்கு மட்டும் செய்ததில்லை. படத்தின் வெள்ளியை வெள்ளி சல்ஃபைடாக மாற்றும் ரசாயன முறை அது, அப்படி மாற்றிய படம் சீக்கிரம் மங்காது. இன்று அது ஒரு ஸ்லைடரில் வந்துவிடுகிறது.

முதல் சோதனை பிரிண்ட் எல்லாமே ஒரு படி இருண்டு வந்தது. தவறு என்னுடையது, திரையின் வெளிச்சத்தை அதிகமாக வைத்து வேலை பார்த்திருந்தேன். தோலுக்கு இந்தப் படத்தில் இவ்வளவு பேச்சு நடந்த பிறகு அதை லேபில் வேறு இருட்டாக அடித்துக் கொடுத்திருந்தால் மன்னிக்கவே முடியாது. திரையைக் குறைத்து, நாலுக்கு ஆறில் மூன்று சோதனை பிரிண்ட் எடுத்து, மூன்றையும் பெரியம்மா கைப்பக்கத்தில் பகலில் வைத்துப் பார்த்த பிறகுதான் பெரிய பிரிண்டுக்குக் கொடுத்தேன்.

பழைய பிரிண்டைத் தொடவில்லை, அமிலமில்லாத உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஸ்டூடியோக்காரரின் ரோஸ் கன்னத்தோடு இருக்கும் ஸ்கேன் தனிக் கோப்பாக இருக்கிறது, அதுவும் அந்தக் குடும்பத்தின் வரலாறுதான். லேயர்கள் எல்லாம் தனித்தனியாக, தமிழில் பெயரிட்டு, பேத்தியின் பென் டிரைவில் இருக்கின்றன. ‘முகம் இறக்கம்’ என்ற லேயரை அணைத்தால் பழைய முகம் வந்துவிடும். பின்னால் யாராவது என் முடிவை மறுக்க நினைத்தால் அவர்களுக்கு அந்த வழி திறந்திருக்க வேண்டும்.

பெரிய பிரிண்டின் பின்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். அதில் எழுதியது இவ்வளவுதான்:

புடவை: சுருக்குப் பையைப் பார்த்து. தோல்: மூத்த மகளின் கையைப் பார்த்து. முகத்தின் வெளிச்சம்: கையோடு ஒப்பிட்டுக் குறைத்தது. தாலிக்கயிறு, வேட்டி முனை: வீட்டார் சொன்னது. நகை: பொன் என்று வீட்டார் சொன்னது, கற்களின் நிறம் ஊகம். தலைப்பூவில் வெளிச்சமாகத் தெரிவது மல்லிகை. அதற்கு இடையில் இருப்பது கனகாம்பரமா மரிக்கொழுந்தா என்று யாருக்கும் நினைவில்லை, சாம்பலாகவே விட்டிருக்கிறது.